சினாப்ஸ் படத்தில் விட்டுப்போன பகுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ஆட்டிசம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் படும் பாட்டைக் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். தெரபிக்கு ஆகும் செலவு, பள்ளியில் இடம் கேட்டுப் போனால் கிடைக்கும் பதில், இரவெல்லாம் தூங்காத பிள்ளை, எல்லாமே உண்மை. ஆனால் காரணம் என்ன என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மூளையில் ரசாயனச் சமநிலை குலைவதால்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பக்கத்தில் ஒரு படம். இரண்டு நரம்பு முனைகள், நடுவில் வெற்றிடம், அதில் மிதந்து போகும் சில உருண்டைகள். கீழே 'ஆட்டிசத்துக்கான ஜீன் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்பு. அந்த வரியும் படமும் குறிப்பும்தான் என்னை எழுத வைத்தன. கடிதம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, 1980களின் நடுவில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். நரம்பு உயிர்வேதியியல் பிரிவு. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். எலியின் மூளையை அரைப்பது, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவது, பிரிந்து வருவதை ஜெல்லில் ஓட்டுவது, இதுதான் என் வேலை. எங்கள் கூடத்தில் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை. வேறு ஊர்களில் நடந்தவற்றை ஆய்வு இதழ்களில் படித்து, அதே முறையை எங்கள் மேஜையில் செய்து பார்த்து, எங்கள் சொந்தக் கேள்விகளுக்குப் பயன்படுத்தினோம். அதனால் இந்த வேலை எப்படி நடக்கும் என்று என் கைக்குத் தெரியும்.

என் தங்கை மகள் திருச்சியில் இருக்கிறாள். அவளுடைய பையனுக்கு நடை தாமதம், பேச்சு தாமதம். அப்புறம் வலிப்பு. சாப்பிட உட்கார்ந்தால் கண்ணிமை படபடவென்று அடித்துக்கொள்ளும், ஒரு நொடி தலை தொங்கிவிடும். பல இடங்களில் அலைந்து கடைசியில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அறிக்கையில் 'சின்கேப்1' என்று ஒரு மரபணுவின் பெயர் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் 'ஜெனடிக் பிராப்ளம்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் யார் பக்கத்துக் குறை என்ற பேச்சு ஆரம்பமானது. மாசமாக இருக்கும்போது கிரகண நேரத்தில் வெளியே போனதுதான் காரணம் என்று ஒருவர். கணவன் வீட்டில் இப்படி யாருக்கும் வந்ததில்லை என்று இன்னொருவர். அவள் எனக்குத்தான் போன் செய்தாள். "பெரியம்மா, சின்கேப்னா என்ன?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்னதைத்தான் உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த வெற்றிடம். ஒரு நரம்புச் செல்லின் முனையும் அடுத்த செல்லும் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். அதை நேரில் காட்டியது எலக்ட்ரான் நுண்ணோக்கி. 1950களில் எடுத்த படங்களில் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே 20 நானோமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பாடநூல்கள் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளியை. ஆனால் அதே படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. செய்தியை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில், சவ்வுக்குக் கீழே ஒட்டினாற்போல் அடர்ந்த கறுப்புப் பட்டை ஒன்று. 1959இல் லண்டனில் ஜார்ஜ் கிரே, சினாப்ஸ்களை இரண்டு வகையாகப் பிரித்தபோது இந்தப் பட்டையைத்தான் அடையாளமாக வைத்தார். ஒரு வகையில் வாங்கும் பக்கத்தில் பட்டை தடிமனாக இருக்கும், மற்றதில் அவ்வளவு இருக்காது. தடித்த பட்டை உள்ளவை பெரும்பாலும் அடுத்த செல்லைத் தூண்டுபவை என்றும், மற்றவை அடக்குபவை என்றும் பிறகு தெரிந்தது.

அந்தப் பட்டை எதனால் ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத்தான் பல பத்தாண்டுகள் ஆயின. நுண்ணோக்கி இருக்கிறது என்று காட்டும், என்ன புரதம் என்று சொல்லாது. அதற்கு மூளையை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது செய்திகளில் வருவதே இல்லை. இங்கிலாந்தில் விக்டர் விட்டேக்கரும், அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் எட்வர்டோ டி ராபர்ட்டிஸும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். மூளைத் திசுவைச் சர்க்கரைக் கரைசலில் பதமாக அரைத்தால் நரம்பு முனைகள் கிள்ளி எடுத்ததுபோல் உடைந்து, உடைந்த வாய் தானாக மூடிக்கொண்டு, முழு உருண்டைகளாக மிதக்கின்றன. உள்ளே இருந்தவை உள்ளேயே இருக்கும். வாங்கும் பக்கத்துச் சவ்வின் ஒரு துண்டும் அந்தக் கறுப்புப் பட்டையோடு ஒட்டிக்கொண்டே வரும். இதற்கு சினாப்டோசோம் என்று பெயர்.

'பதமாக' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கண்ணாடிக் குழாய்க்குள் டெஃப்லான் உலக்கை சுழலும். அழுத்தி ஓட்டினால் எல்லாம் கூழாகிவிடும். மெதுவாக ஓட்டினால் முனைகள் உடைந்து வராது. எல்லாமே ஐஸில் நடக்க வேண்டும். சூடு ஏறினால் மூளையில் உள்ள நொதிகளே புரதங்களைத் தின்றுவிடும். மே மாதத்தில் வெளியே அனல் காற்று அடிக்கும்போது நாங்கள் கோல்டு ரூமில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்போம். அரைத்ததை முதலில் மெதுவாகச் சுழற்றினால் செல்லின் உட்கருவும் கசடும் அடியில் தங்கும். மேலே நிற்பதை எடுத்து வேகமாகச் சுழற்றினால் நரம்பு முனைகளும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும், நரம்பு இழைகளின் கொழுப்பு உறையான மயலினும் சேர்ந்து ஓர் உருண்டையாகும். அதைக் கரைத்து, அடர்த்தி கூடிக்கொண்டே போகும் சர்க்கரைக் கரைசல்களை அடுக்கடுக்காக ஊற்றிய குழாயில் மேலே வைத்து, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் ஓட்ட வேண்டும். மயலின் மேலேயே நின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியா அடிக்குப் போய்விடும். சர்க்கரை அடர்த்தி 0.8 மோலார், 1.2 மோலார் உள்ள இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். அதுதான் சினாப்டோசோம். ரோட்டார் நிற்கும்போது பிரேக் போடக் கூடாது, அடுக்குகள் கலங்கிவிடும். நடுவில் கரண்ட் போனால் அன்றைய வேலை முழுக்க வீண். அந்தக் காலத்துச் சென்னையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த படியில்தான் கறுப்புப் பட்டை கைக்கு வருகிறது. டிரைட்டன் என்று ஒரு சோப்புத் திரவம் உண்டு. சவ்வு கொழுப்பால் ஆனது, டிரைட்டனில் கரைந்துபோகும். பட்டை கரையாது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பிலிப் சீகெவிட்ஸின் குழு நாயின் மூளைப் புறணியிலிருந்து இப்படிப் பிரித்தெடுத்த பட்டையை 1977இல் விரிவாக விவரித்தது. சவ்வு முழுக்கக் கரைந்த பிறகும் அது குலையாமல் தட்டுப்போல் நிற்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது கொழுப்பு இல்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட புரதங்கள் என்பது அதிலிருந்தே தெரிந்தது.

புரதங்களைப் பிரிக்க ஜெல் இருக்கிறது. பட்டையைக் கொதிக்க வைத்து, ஜெல்லின் மேலே ஊற்றி மின்சாரம் கொடுத்தால் சின்ன புரதம் வேகமாகக் கீழே ஓடும், பெரியது தயங்கி மேலே நிற்கும். நீலச் சாயத்தில் ஊற வைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீரில் அலசினால் கோடு கோடாகத் தெரியும். வினிகர் வாடை இன்றும் எனக்கு அந்த அறையைத்தான் நினைவூட்டுகிறது. சினாப்ஸ் பட்டையை ஓட்டினால் ஏணிபோல் பல கோடுகள் வரும். அதில் 50,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) அளவில் ஒரு கோடு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக நிற்கும். அதற்கு வெகுநாள் பெயரே கிடையாது. 'பட்டையின் முக்கியப் புரதம்' என்றே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதினார்கள். 1983இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் மேரி கென்னடியும் அவரோடு வேலை செய்தவர்களும் அது கால்சியத்துக்குப் பதில் தரும் ஒரு நொதியின் பகுதி என்று காட்டினார்கள். கால்மாடுலின் சார்ந்த கைனேஸ், சுருக்கமாகக் காம்-கைனேஸ் 2. நினைவு பதிவதற்கு அது எவ்வளவு முக்கியம் என்பது பின்னர் தெரிந்த கதை. நொதி என்றால் கொஞ்சமாக இருந்து வேலை பார்க்கும் என்றுதான் கல்லூரியில் படித்திருந்தேன். இது தூண் அளவுக்குக் குவிந்து கிடந்தது.

அதே ஜெல்லில் 95,000 அளவில் இன்னொரு கோடு. கென்னடியின் ஆய்வகம் அந்தப் புரதத்தைத் துண்டாக்கி, அமினோ அமில வரிசையைப் படித்து, அதை வைத்து மரபணுவைத் தேடிப் பிடித்தது. முடிவு 1992இல் வந்தது. பெயர் பிஎஸ்டி-95. பிஎஸ்டி என்பது அந்தப் பட்டையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அதன் வரிசை பழ ஈயின் ஒரு மரபணுவோடு ஒத்துப்போனது. அந்த மரபணு பழுதானால் ஈயின் புழுவில் சில திசுக்கள் கட்டியாக வளர்ந்துவிடும். குடல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் செல்களை நெருக்கமாக ஒட்டவைக்கும் வேறொரு புரதத்தோடும் ஒத்துப்போனது. ஈயின் கட்டி, குடலின் ஒட்டு, மூளையின் சினாப்ஸ். இந்த மூன்றையும் அதுவரை யாராவது ஒரே வரியில் எழுதியிருப்பார்களா? மூன்றுக்கும் பொதுவாக இருந்த துண்டுக்கு, மூன்று புரதங்களின் முதலெழுத்தைச் சேர்த்து பிடிஇசட் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் ஒரு குழு இதே புரதத்தைத் தனியாகக் கண்டுபிடித்து 1993இல் வேறு பெயரில் வெளியிட்டது. அவர்கள் அதைச் செய்தி அனுப்பும் பக்கத்துப் புரதம் என்று எழுதியிருந்தார்கள். முன்மூளையின் சினாப்ஸ்களில் அது இருப்பது வாங்கும் பக்கத்தில்தான் என்று 1996இல் உறுதியானது.

அது என்ன செய்கிறது என்பது 1995இல் தெரிந்தது. குளூட்டமேட் என்ற ரசாயனம்தான் தூண்டும் செய்தியைக் கொண்டுவருகிறது. அதை வாங்கும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தின் வால்நுனி பிஎஸ்டி-95இன் பிடிஇசட் பள்ளத்தில் போய்ப் பொருந்துகிறது என்று ஹைடல்பர்கில் பீட்டர் சீபர்கின் ஆய்வகமும் கென்னடியும் சேர்ந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டையின் உறவுகள் வரிசையாக வெளிவந்தன. பிஎஸ்டி-95ஐ ஜிகேஏபி பிடிக்கிறது, ஜிகேஏபியை ஷாங்க் பிடிக்கிறது, ஷாங்கை ஹோமர் பிடிக்கிறது. இவை எல்லாம் 1997 முதல் 1999 வரையிலான இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்தவை. எங்கள் நூலகத்துக்கு ஆய்வு இதழ் கப்பலில் வந்து சேரத் தாமதமாகும். வந்த அன்று எங்கள் டாக்டர் மேடம் கரும்பலகையில் அந்த மாத நிலவரப்படி படத்தைத் திருத்தி வரைவார். பந்தல் போடுகிறவர்கள் ஒவ்வொரு காலாக நட்டுக் கயிறு கட்டுவதைப்போல அந்தப் படம் எங்கள் கண்முன்னே எழுந்தது.

தடித்த பட்டை இல்லாத, அடக்கும் வகை சினாப்ஸில் வேறு ஆட்கள். அங்கே முதலில் அகப்பட்டது ஜெஃபிரின். அது கிடைத்த விதம் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். எட்டிக்காயின் விஷம் ஸ்ட்ரிக்னின். அது தண்டுவடத்தில் அடக்கும் செய்தியை வாங்கும் கிளைசின் ஏற்பியைப் பிடித்துக்கொள்வதால்தான் உடம்பு வில்லாக வளைகிறது. 1982இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பெட்ஸின் குழு ஸ்ட்ரிக்னினைக் குழாயில் உள்ள மணிகளோடு பிணைத்து, அதன் வழியே எலித் தண்டுவடச் சாற்றை ஓட்டியது. விஷம் தன் ஏற்பியை இழுத்து நிறுத்தியது. அந்த ஏற்பியோடு விடாமல் ஒட்டிக்கொண்டு 93,000 அளவில் இன்னொரு புரதமும் வந்தது. அதுதான் ஏற்பியை அடியிலிருந்து நிறுத்திவைக்கும் ஜெஃபிரின். இதேபோல் கறுப்பு விதவைச் சிலந்தியின் விஷத்தைப் பின்தொடர்ந்துதான் நியூரெக்சின் என்ற புரதத்தை 1992இல் பிடித்தார்கள். அது அனுப்பும் பக்கத்திலிருந்து இடைவெளிக்குள் கை நீட்டுகிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து நியூரோலிஜின் என்ற புரதம் அந்தக் கையைப் பற்றிக்கொள்கிறது. ஆக, நீங்கள் வெற்றிடமாக வரைந்த இடமும் வெற்றிடம் இல்லை. அனுப்பும் பக்கத்தில் பசூன், பிக்கோலோ, ரிம் என்று தனியாக ஒரு கூட்டம் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

இப்போது தங்கை மகளின் கேள்விக்கு வருகிறேன். அதே ஜெல்லில் 135,000 அளவில் ஒரு கோடு இருந்தது. 1998இல் கென்னடியின் ஆய்வகமும், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரிச்சர்ட் ஹுகானிரின் ஆய்வகமும் தனித்தனியே அதை அடையாளம் கண்டன. அதுதான் சின்கேப். பிஎஸ்டி-95ஐப் பிடித்துக்கொண்டு பட்டையில் ஏராளமாக இருப்பது. ராஸ் என்ற தூண்டுபுரதத்துக்கு அது தடை போடுகிறது. அந்தத் தடை இல்லாவிட்டால் சினாப்ஸ்கள் வளர வேண்டிய பருவத்துக்கு முன்பே அவசரமாக முதிர்ந்துவிடுகின்றன என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்திலும் இந்தப் புரதத்தை ஆராய்கிறார்கள். 1998இல் அதைக் கண்டுபிடித்த கட்டுரைகளில் பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றிய கவலை இல்லை. பட்டையில் இருக்கும் கோடுகள் என்னென்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2009இல், கனடாவின் மாண்ட்ரியாலில் ஒரு மருத்துவக் குழு, காரணம் தெரியாத அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள 94 பேரின் சின்கேப்1 மரபணுவைப் படித்துப் பார்த்தது. மூன்று பேருக்கு அது நடுவில் உடைந்திருந்தது. மூவரின் பெற்றோருக்கும் அந்த உடைசல் இல்லை. இருபதாயிரம் மரபணுக்களில் அவர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்? சினாப்ஸின் புரதப் பட்டியல் ஏற்கனவே மேஜையில் இருந்ததால்தான். கோல்டு ரூமில் குளிர்ந்துபோன விரல்களோடு யார் யாரோ பிரித்தெடுத்த கோடுகளின் பட்டியல் அது. என் தங்கை மகள் கையில் இருக்கும் அறிக்கையில் அந்தப் பெயர் அச்சாகியிருப்பது அந்தப் பட்டியலால்தான். ஆனால் பட்டியலைத் தயாரித்த ஆண்டுகளில் அதைப் பற்றி எந்த நாளிதழிலும் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. 'ஜீன் கண்டுபிடிப்பு' என்ற நாளில்தான் செய்தி வருகிறது.

அந்தக் குறிப்பையும் திருத்த வேண்டும். ஆட்டிசத்துக்கு என்று ஒரு ஜீன் கிடையாது. நியூரோலிஜின் மரபணுக்களில் பிறழ்வு உள்ள சகோதரர்களை 2003இலும், ஷாங்க்3இல் பிறழ்வு உள்ள குழந்தைகளை 2007இலும் பாரிஸின் தாமஸ் பூர்ஜெரோன் குழு அறிவித்தது. ஷாங்க்3 முக்கியமான மரபணுதான். ஆனாலும் ஆட்டிசம் உள்ள நூறு குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அது காரணமாக இருப்பது அரிது. சின்கேப்1 கதையும் அப்படித்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒற்றை மரபணுவைக் கைகாட்ட முடியாது. ஆனால் இப்படித் தனித்தனியே அகப்பட்ட மரபணுக்களில் பல அதே பட்டையில், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் புரதங்களுடையவை. இதைச் சொல்லாமல் ஜீன் என்று மட்டும் எழுதினால் வாசகர் மனதில் பரம்பரைதான் வந்து நிற்கும். பரம்பரை என்றால் மருமகளின் பிறந்த வீடு.

சின்கேப்1 பிறழ்வு பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ கரு உருவாகும் கட்டத்திலோ புதிதாக நேர்வது. பையனின் அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. யார் பக்கத்துக் குறையும் இல்லை. கிரகணம் பார்த்ததால் மரபணுவில் எழுத்து மாறாது. மாத்திரை மறந்ததால், அதிர்ச்சிச் செய்தி கேட்டதால், ஸ்கூட்டர் ஓட்டியதால் மாறாது. இதை அவள் மாமியாருக்குப் புரியும்படி நான் சொன்னேன். அந்தப் பட்டையைத் தாளில் வரைந்து காட்டி, மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானதால் இதில் ஒரு புரதம் பாதி அளவுதான் உருவாகிறது என்றேன். அந்த அம்மா கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப இவள் ஒண்ணும் பண்ணலையா?" என்பதுதான். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு ஒரு படம் தேவைப்பட்டது. 'ரசாயனச் சமநிலை' என்று சொல்லியிருந்தால் என்ன சாப்பிட்டாள், என்ன சாப்பிடவில்லை என்று பேச்சு தொடர்ந்திருக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காரணத்தை மங்கலாகச் சொன்னால், சமநிலையைச் சரிசெய்கிறோம் என்று யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். இவளிடமே ஓர் இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேச்சு வந்துவிடும் என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள். நகையை அடகு வைக்கும் யோசனை வரை போய்விட்டாள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை நம் நாட்டின் தேசிய வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை. சினாப்ஸ்களில் ஒரு குறிப்பிட்ட புரதம் பாதியாக இருக்கிறது என்று புரிந்துகொண்ட தாய், இந்த ஊசி அந்தப் புரதத்தை எப்படிக் கூட்டும் என்று கேட்பாள். இவளும் கேட்டாள். அங்கே பதில் இல்லை. மூல காரணத்தைச் சரிசெய்யும் மருந்து இன்னும் கிடையாது. வலிப்புக்கு மாத்திரை, பேச்சுக்கும் நடைக்கும் பயிற்சி, இவைதான் இப்போதைக்குக் கையில் இருப்பவை. பழுதாகாத மற்றொரு பிரதியிலிருந்து புரதத்தை அதிகமாக உருவாக்க முடியுமா என்று வெளிநாடுகளில் முயன்று வருகிறார்கள். இதை மறைக்காமல் எழுதினால் பெற்றோர் தாங்கிக்கொள்வார்கள். பொய்யான நம்பிக்கைக்குப் பணம் கட்டுவதைவிட அது மேல்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை எலி மூளையிலிருந்தும் மற்ற விலங்குகளின் மூளையிலிருந்தும் வந்தவை. மனிதனுக்கும் அப்படியே பொருந்துமா? 2000க்குப் பிறகு, துண்டுகளின் எடையை வைத்துப் புரதத்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி வந்து வேலையின் வேகமே மாறியது. ஒரு கோட்டுக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்த நிலை போய், ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான புரதங்களை அடையாளம் காண முடிந்தது. பிரிட்டனில் சேத் கிரான்ட்டின் குழு 2011இல் மனிதப் பட்டையின் பட்டியலை வெளியிட்டது. 1,461 புரதங்கள். இவற்றின் மரபணுக்களில் வரும் பிறழ்வுகள் 133 மூளை, நரம்பு நோய்களுக்குக் காரணம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தத் திசு எங்கிருந்து வந்தது தெரியுமா? மூளை அறுவை சிகிச்சையின்போது எடுக்க வேண்டியிருந்த சிறு துண்டுகளை ஆய்வுக்குத் தர நோயாளிகள் சம்மதித்தார்கள். இறந்தபின் நேரம் கழித்து எடுத்தால் புரதங்கள் கெட ஆரம்பித்துவிடும். அதனால் அவர்களின் சம்மதம் விலைமதிப்பில்லாதது.

நம் பக்கத்திலேயே, பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி ஒன்று இயங்குகிறது. கண் தானம் பற்றி நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். உடல் தானம்கூடப் பலருக்குத் தெரியும். ஆய்வுக்காக மூளையைத் தரலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? என் குடும்பத்திலேயே நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். இதைப் பற்றி உங்கள் நிருபர் ஒருவர் பெங்களூரு போய் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எப்படிப் பதிவு செய்வது, குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்ற விவரங்களோடு. நம் ஊர்க் குழந்தைகளின் நோயைப் புரிந்துகொள்ள நம் மக்களின் திசுவும் ஆய்வில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எடின்பரோவிலும் மாண்ட்ரியாலிலும் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாடநூல் தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் படித்த புத்தகத்திலும் என் பிள்ளைகள் படித்த புத்தகத்திலும் சினாப்ஸ் என்றால் இரண்டு முனைகள், நடுவில் உருண்டைகள், அவ்வளவுதான். வாங்கும் பக்கத்தில் தடித்த கோடு ஒன்றைப் போட்டு, இது புரதங்களால் ஆன பட்டை, ஏற்பிகள் இதில்தான் ஊன்றி நிற்கின்றன என்று ஒரு வரி எழுதினால் போதும். பிளஸ் டூ மாணவிக்கு அது புரியும். அப்படிப் படிப்பவர்களில் யாராவது ஒருத்தி அந்தப் பட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்பாள்.

உங்கள் அடுத்த இணைப்பில் அந்தப் படத்தைத் திருத்தி ஒருமுறை வெளியிடுங்கள். 'ஜீன் கண்டுபிடிப்பு' குறிப்பை எடுத்துவிட்டு, இது பெரும்பாலும் தாயின் செயலாலோ உணவாலோ வருவதில்லை என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்தோடு நான் வரைந்த படம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். உங்கள் ஓவியருக்குச் சந்தேகம் வந்தால் அதைப் பார்க்கலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இடைவெளி 20 நானோமீட்டர்தான், பட்டை 30 முதல் 50 வரை. இடைவெளியைவிடப் பட்டைதான் தடிமன். அளவு மாறாமல் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
மயிலாடுதுறை.